கேட்டைத் தாண்டினாலும் அதே ஆவிதான்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கு,



காலை ஷிப்ட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் நம் பக்கத்துப் பெட்ரோல் பங்க் எதில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணா, வண்டி பாதி வழியில நின்னு போச்சு. இந்தப் பாட்டில்ல ஒரு நூறு ரூபாய்க்கு ஊத்துங்கணா."

"பாட்டில்ல தரக்கூடாதும்மா. போலீஸ் சொல்லியிருக்காங்க."

"என்னைப் பாத்தா குண்டு வீசுறவ மாதிரியா இருக்கு?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பங்க் ஊழியர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பாவம் பார்த்து, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். வண்டி நின்ற இடத்துக்கு அந்தப் பாட்டில் கைப்பையில் போகும். மிச்சம் இருந்தால் வீட்டுக்கும் போகும்.

அந்தத் தங்கை கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாட்டிலில் பெட்ரோல் கூடாது என்பது நம் ஊரில் போலீஸ் சமாச்சாரமாகத்தான் பேசப்படுகிறது. 2022 செப்டம்பரில் கோவையில் பெட்ரோல் குண்டு வீச்சுகள் நடந்தபோது, பாட்டிலில் விற்காதீர்கள் என்று பங்குகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள். அதனால் அது ரவுடிகளுக்கான விதி, குடும்பத்தோடு பிழைக்கிற நமக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அந்த விதி முதலில் தேவை. எனக்குத் தெரிந்தவரை இதை யாரும் உங்களிடம் உட்கார்ந்து விளக்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

இதைப் புரிந்துகொள்ள உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இந்த மாநிலத்திலேயே குறைவு. பேஸ்டிங் செக்‌ஷனில் சொல்யூஷன் டப்பாவை மூடாமல் எழுந்து போனால் சூப்பர்வைசர் என்ன கத்து கத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஓடாவிட்டால் கண் எரியும் என்பதும் தெரியும். தின்னர் டிரம்மிலிருந்து சின்ன டின்னுக்கு மாற்றும்போது, பல் வைத்த கிளிப்போடு ஒரு எர்த் ஒயரை டிரம்மிலும் டின்னிலும் மாட்டுகிறார்களே, அதையும் பார்த்திருப்பீர்கள். ஃபினிஷிங்கில் லேக்கர் ஸ்ப்ரே பண்ணும் இடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி எடுத்தால் வேலையே போய்விடும். வெளிநாட்டு பிராண்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறான் என்றால் இதெல்லாம் இரண்டு மடங்கு கண்டிப்போடு நடக்கும்.

பசையிலும் தின்னரிலும் டொலுவீன், ஹெக்ஸேன் மாதிரியான கரைப்பான்கள் இருக்கின்றன. பெட்ரோல் என்பது இப்படிப்பட்ட பல திரவங்களின் கலவை. டொலுவீனும் ஹெக்ஸேனும் அதிலேயே இருக்கின்றன. பேஸ்டிங் டேபிளில் இருப்பதும் வண்டி டேங்கில் இருப்பதும் ஒரே குடும்பம். உள்ளே ஆடிட்டருக்குப் பயந்து அத்தனை மரியாதை கொடுக்கிறோம். சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் அதே சரக்கை அரை லிட்டர் பாட்டிலில் பிடித்து மாடிப்படிக்கு அடியில் வைக்கிறோம்.

பெட்ரோலில் எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவி விடும். வேலூர் வெயில் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டிய ஒரு மத்தியானத்தில் திறந்த பாட்டிலிலிருந்து எவ்வளவு கிளம்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரி தரையோடு பள்ளம் தேடி ஓடும், வாசற்படி தாண்டும், கட்டிலுக்கு அடியில் தேங்கும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறி கிடைத்தால் பற்றும். 7.6 சதவீதத்தைத் தாண்டினால் காற்று போதாமல் எரியாது, ஆனால் அதை நம்பி யாரும் வீட்டில் விளக்கு ஏற்ற முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க ஆவியானால், ஒரு சின்ன அறையின் மொத்தக் காற்றையும் எரியத்தக்கதாக மாற்ற அது போதும். நம்மில் பலரின் சமையலறை சின்னதுதான். அங்கே கேஸ் அடுப்பு இருக்கிறது, சாமி விளக்கு இருக்கிறது, ஊதுபத்தி புகைகிறது. பாட்டில் ஒரு மூலையில் இருந்தாலும் நெருப்பு இன்னொரு மூலையில் இருந்தே அதைக் கண்டுபிடித்துவிடும்.

மண்ணெண்ணெய் அப்படி இல்லை. அங்கேதான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு மூன்று தலைமுறை மண்ணெண்ணெயோடு வாழ்ந்திருக்கிறது. அடுப்பில் ஊற்றுவோம், குப்பையில் ஊற்றுவோம், கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவுவோம். அது சோம்பேறி எண்ணெய். சாதாரண வெயிலில் ஆவி அதிகம் விடாது, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால்தான் மெல்லப் பிடிக்கும். ரேஷனில் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு வருஷா வருஷம் குறைந்தது. அந்த வேலைக்கெல்லாம் பெட்ரோல் வந்து உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை.

பிரியாணி அண்டா விறகில் ஏறுகிற ஊர் நம்முடையது. கல்யாணம், காதுகுத்து என்றால் மண்டபத்துப் பின்புறம் வரிசையாக அடுப்பு மூட்டுவார்கள். மழை பெய்து விறகு நனைந்திருந்தால் யாராவது ஒரு துடிப்பான பையன் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வருவான். முதல் தடவை "குப்"பென்று பற்றும், எல்லோரும் கை தட்டுவார்கள். அணைகிற மாதிரி இருக்கிறதே என்று இரண்டாவது தடவை ஊற்றும்போதுதான் ஆபத்து. விறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத கங்கு இருக்கும். ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டு தீ மேலே ஏறிப் பாட்டில் வாய்க்கு வரும். கை சுட்டதும் பையன் என்ன செய்வான்? பாட்டிலை உதறுவான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற பெரியம்மா மேல் அது போய் விழும். நல்ல பிரியாணி மாஸ்டர்கள் பெட்ரோலோடு வருகிறவனை அடுப்பு கிட்டே விடவே மாட்டார்கள். காய்ந்த சுள்ளி, தென்னை மட்டை, கொட்டாங்குச்சி இருக்கும்போது இது எதற்கு என்பார்கள்.

அடுத்தது ஜெனரேட்டர். ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க்கை வீட்டிலேயே நாலு மெஷின் போட்டு எடுத்துச் செய்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கரன்ட் போனால் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டுவீர்கள். டெலிவரி நாளன்று டேங்க் காலியானால் நிறுத்திவிட்டு உடனே ஊற்றுவதுதான் வழக்கம். நிறுத்தாமலேயே ஊற்றுகிறவர்களும் உண்டு. ஓடிய இன்ஜினும் சைலன்சரும் அப்போது கொதிக்கும். டேங்க் அதன் தலைமேலேயே இருக்கும். சிந்தினால் நேராக அதன்மேல்தான் விழும். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, வெளியே திறந்தவெளியில் வைத்து ஊற்றுங்கள். கால் மணி நேரம் தையல் நிற்கும், சூப்பர்வைசர் போனில் திட்டுவார். திட்டட்டும். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தீ இல்லாமலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அப்படியானால் ஜெனரேட்டருக்கும் களை வெட்டும் மெஷினுக்கும் பெட்ரோலை எதில்தான் வாங்குவது? 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமே இதற்கு வழி சொல்கிறது. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் இறுக்கி மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக்கின் பெயரே அந்த வரியில் இல்லை. தண்ணீர் பாட்டில் ஒரு தடவை குடித்துவிட்டுத் தூக்கிப்போடச் செய்தது. பெட்ரோல் ஆவி உப்பும்போது அதன் மூடி தாங்காது. அதைவிட மோசம், வீட்டில் ஒரு குழந்தை தாகமாய் ஓடிவந்தால் அதன் கண்ணுக்கு அது தண்ணீர் பாட்டில்தான்.

ஆகவே நல்ல மூடி போட்ட உலோகக் கேன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பங்குக்குப் போனதும் அதைத் தரையில் இறக்கி வையுங்கள். பலர் டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பலகையில் கேனை நிற்கவைத்தபடியே "ஊத்துங்கணா" என்கிறார்கள். அந்தப் பலகையில் ரப்பர் மேட் இருக்கும், கீழே ரப்பர் டயர். பெட்ரோல் குழாய் வழியே வேகமாக ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் கேனிலிருந்து பூமிக்குப் போக வழி இருக்காது. நாசில் விலகும் நேரத்தில் சின்னப் பொறியாக அது குதிக்கும். தின்னர் டிரம்மில் நீங்கள் எர்த் ஒயர் மாட்டுவது இதற்காகத்தான். கேன் தரையில் இருக்க வேண்டும், நாசில் கேன் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும், மெதுவாக ஊற்ற வேண்டும். இது முடிந்தால் எர்த் ஒயர் செய்கிற வேலை முடிந்த மாதிரிதான்.

கேனை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். காலை 25 டிகிரியில் பிடித்த 5 லிட்டர், மத்தியானம் 45 டிகிரிச் சூட்டில் ஏறக்குறைய 100 மில்லி பெருகும். ஒரு டீ கிளாஸ் அளவுக்குக் காலி இடம் விட்டால் சரியாக இருக்கும். நிரப்பிய கேனைப் படுக்கவைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் எடுத்துப்போகாதீர்கள். தேவைக்கு மேல் வாங்கி வைக்கவும் வேண்டாம். 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மக்கள் கேன் கேனாகப் பிடித்து வீட்டில் சேர்க்கத் தொடங்கினார்கள். கேனில் ஊற்றக்கூடாது என்று அரசு தடுக்க வேண்டி வந்தது. விலை ஏறப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த இரவு நம் பங்குகளில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

வண்டி நின்றுபோனால் இன்னொரு வண்டியிலிருந்து ட்யூப் விட்டு வாயால் உறிஞ்சுகிற வீரமும் வேண்டாம். ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும். வாந்தி எடுக்க வைத்தால் இன்னும் மோசம்.

பங்கில் நிற்கும் அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றியும் கொஞ்சம். "நூத்தி பத்துக்குப் போடுங்க, ஜீரோ பாத்துக்கிறேன்" என்று மீட்டரைக் கண் கொட்டாமல் பார்க்கிறோம். அந்தக் கவனத்தில் பாதியை வண்டிக்குக் கொடுத்தால் போதும். வரிசையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள். எல்லோரும் இறங்குங்கள். டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை முதலில் இறக்குங்கள், பின்சீட்டு அக்காவும் இறங்கட்டும். உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டால், தீப்பிடித்த நொடியில் வண்டி உங்கள் கால்களுக்கு நடுவே இருக்கும். டேங்க் வழிய வழிய "இன்னும் கொஞ்சம், ரவுண்டு பண்ணிடுங்க" என்று கேட்காதீர்கள். சிந்திவிட்டால் அங்கேயே கிக்கரை உதைக்காமல், துடைத்துவிட்டு, பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நைலான், பாலியஸ்டர் ஷாலை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். அந்தத் துணி எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

செல்போனா? பேசாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் 'செல்போன் பயன்படுத்தாதீர்' என்ற போர்டுக்குக் கீழேயே ஸ்கேன் பண்ணும் க்யூஆர் அட்டை தொங்குகிற காலம் இது. செல்போனைவிட ஓடுகிற இன்ஜினும், சிந்திய பெட்ரோலும், பீடியும்தான் பெரிய எதிரிகள். கோடையில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும் என்று வருஷா வருஷம் வரும் வாட்ஸ்அப் செய்தியும் பொய். இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. கம்பெனி சொன்ன அளவு வரை தாராளமாக நிரப்பலாம். எல்லோரும் பயப்படுவது மூடிய டேங்கைப் பார்த்து, பயப்படாமல் மடியில் வைத்துக்கொள்வது திறந்த பாட்டிலை!

காட்பாடி, ஜோலார்பேட்டை ரயிலில் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலோ சிலிண்டரோ ரயிலில் ஏற்றினால் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் பார்க்க வந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களும் சமைக்கத்தான் அதை எடுத்து வந்தார்கள்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர்களின் நடுவே போகிறது. டேங்கர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. என்றாவது ஒன்று கவிழ்ந்தால், தயவுசெய்து குடத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். 2017 ஜூன் 25, ரம்ஜானுக்கு முந்தைய நாள், பாகிஸ்தானின் பகவல்பூர் பக்கத்தில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் பிடிக்க ஊரே பாட்டிலோடும் வாளியோடும் கூடியது. 200 பேருக்கு மேல் எரிந்து போனார்கள். அங்கேயும் போலீஸ் "தள்ளிப் போங்க" என்று கத்திக்கொண்டுதான் இருந்தது.

வண்டியை வீட்டுக்குள் நிறுத்துவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் கடைசியில் நம் வேலூர் அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றிக்கொண்டு, அந்தப் புகையில் ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு மத்திய அரசு பேட்டரி விதிகளை இறுக்கியது. ஆனால் நம் சந்துகளின் அமைப்பை எந்த விதியும் மாற்றவில்லை. ஒற்றை வாசல் வீடு, வாசலை அடைத்தபடி வண்டி, அதன் பின்னால் குடும்பம். பெட்ரோல் வண்டியானாலும் பேட்டரி வண்டியானாலும், வெளியேறும் வழியில் நிறுத்தாதீர்கள். திருட்டுப் பயம் இருந்தால் தெருவில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

தீ வந்துவிட்டால்: பங்கில் டேங்க் வாயில் பிடித்தது என்றால் நாசிலைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அது தீயைப் பீய்ச்சும். நாசிலை அப்படியே விட்டுவிட்டு விலகி ஓடுங்கள், ஊழியர் அவசர ஸ்விட்சை அமுக்குவார், பவுடர் சிலிண்டர் அவரிடம் இருக்கும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பெட்ரோல் அதன்மேல் மிதந்து இன்னும் பரவும். மணல் போடுங்கள். துணியில் பற்றினால் ஓடாமல் தரையில் விழுந்து உருளுங்கள். பெட்ரோல் தெறித்த துணியோடு சமையலறைக்குள் போகாதீர்கள், தீ பற்றாவிட்டாலும் அதை முதலில் மாற்றுங்கள். சுட்ட இடத்தில் இங்க், பேஸ்ட், இட்லி மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் இருபது நிமிஷம், வளையல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு. ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். தீயணைப்புக்கு 101.

கடைசியாக, உங்களால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு வேலை. உங்கள் கம்பெனிகளில் ஃபயர் டிரில் நடக்கிறது. சைரன் அடிக்கும், எல்லோரும் வரிசையாக கிரவுண்டில் வந்து நிற்பீர்கள், தலை எண்ணுவார்கள், ஆடிட்டருக்கு ஒரு போட்டோ எடுப்பார்கள், மறுபடி மெஷினுக்குப் போவீர்கள். அடுத்த டிரில்லில் சேஃப்டி ஆபீசரிடம் கூடுதலாகப் பத்து நிமிஷம் கேளுங்கள். டூவீலர் ஸ்டாண்டில் வைத்து, ஒரு வண்டி, ஒரு உலோகக் கேன், ஒரு எர்த் கிளிப்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் நேரில் காட்டச் சொல்லுங்கள். ஆடிட்டில் மார்க் வராது என்று தட்டிக்கழிப்பார். லைனுக்கு நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் வேலூர்க்காரன்